‘புட் யுவர் ஓர் இன்’ என்றால் மூக்கை நுழைப்பதா?

கயல்விழி: ஒரு ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். கணவனும் மனைவியும் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த அறையிலிருந்து அவன் அம்மா ஒரு பெயரைச் சொல்கிறார். அவன் எரிச்சலோடு ‘டோன்ட் புட் யுவர் ஓர் இன்’ என்கிறான். ‘ஓர்’ என்றால் துடுப்பு. நான் ‘மூக்கை நுழைக்காதீங்கம்மா’ என்று எழுதிவிட்டேன். சரிதானே?

துரை: சரியேதான். யாரும் கேட்காமல் தலையிடுவதுதான் பொருள். அதற்கு நம்மிடம் மூக்கு இருக்கும்போது துடுப்பு எதற்கு?

வளர்மதி: துடுப்பு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூக்கும் பொருந்தாது, துரை சார். மூக்கை நுழைப்பவருக்கு விஷயம் தெரிய வேண்டும். சம்பளம் எவ்வளவு, பெண் ஏன் தனியாக வந்திருக்கிறாள் என்று மோப்பம் பிடிப்பார். துடுப்பைப் போடுபவர் எதையும் கேட்பதில்லை. தன் யோசனையைச் சொருகுகிறார். இந்த உருவகம் பழையது. 1542-ல் டச்சு அறிஞர் எராஸ்மஸின் நூலை ஆங்கிலமாக்கிய நிக்கோலஸ் யூடல், எல்லார் படகிலும் தனக்கொரு துடுப்பு வைத்திருக்கும் ஆளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நான் கடற்கரை ஊர்க்காரி. இரண்டு பேர் ஒரே வீச்சில் துடுப்பு வலிக்கும்போது மூன்றாவது ஆள் தன் துடுப்பையும் இறக்கினால், மற்றதில் ‘டக்’கென்று இடிக்கும், படகு ஒரு பக்கமாகத் திரும்பும். உதவத்தான் வந்திருப்பார், பாவம். அந்த அம்மாவும் அப்படித்தான்.

துரை: பேச்சில் யார் இவ்வளவு பிரித்துப் பார்க்கிறார்கள்? யோசனை சொன்னவனையும் ‘நீ ஏன்டா மூக்கை நுழைக்கிற’ என்றுதானே கேட்கிறோம்?

வளர்மதி: கேட்கிறோம். ஆனால் அந்த இடத்தில் முதலில் வாயில் வருவது ‘அதிகப்பிரசங்கி’ இல்லையா?

துரை: அது பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளைச் சொல்வது. பெற்ற தாயை ஒருவன் அப்படிச் சொல்வானா?

வளர்மதி: சொல்லமாட்டான், நீங்கள் சொல்வது சரி. ‘தலையிடாதீங்க’ என்றாலும் நீதிமன்ற வாடை அடிக்கிறது. ‘உங்களை யாரும்மா கேட்டா?’ எப்படி?

துரை: பொருள் சரி, சூடு அதிகம். அவனுக்கு எரிச்சல்தான், சண்டை போடவில்லையே.

கயல்விழி: ‘நாங்க பேசிக்கிறோம், நீங்க நடுவுல வராதீங்கம்மா’ என்று மாற்றிவிட்டேன். அப்புறம் துரை சார், அதே கதையில் பக்கத்து வீட்டுக்காரி திரைச்சீலையை விலக்கி இவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் மூக்கை அங்கே வைத்திருக்கிறேன்.