தாளம், லயம், சந்தம்: சரியான சொற்கள் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பறை சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு சிறுமி, "அண்ணா, தாளமும் லயமும் ஒண்ணா?" என்று கேட்டாள். எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தாளம் கையால் எண்ணுவது. ஆதி தாளம் என்றால் 4+2+2, மொத்தம் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. லயம் அப்படி எண்ணி முடிப்பதில்லை. 'பாட்டில் லயித்துப் போனேன்' என்கிறோமே, அந்தக் கரைதல்தான் அதன் வேர். வேகம் கூடாமல் குறையாமல் ஓடும் உள்ளோட்டம் அது என்று புரிந்துகொண்டேன். சந்தம் பாட்டின் சொல்லுக்குள் இருக்கிறது, வாய்விட்டுப் படித்தாலே கேட்கும். அப்புறம் 'நடை', அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையும் உள்ளே எத்தனையாகப் பிரிகிறது என்பது: மூன்றாக நடந்தால் திஸ்ரம், நான்கானால் சதுஸ்ரம், ஐந்தானால் கண்டம். மனிதன் நடப்பதற்கும் அதே சொல்தான்! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழந்தமிழில் 'பாணி' என்றாலும் தாளம்தான், இப்போது அதைச் சமையலுக்கும் பேச்சுக்கும் சொல்கிறோம்.

ஆனால் இவை பெரும்பாலும் கச்சேரிச் சொற்கள். கானா பாடுபவர்கள், பறை அடிப்பவர்கள், உடுக்கை, பம்பை வாசிப்பவர்கள் தங்களுக்குள் புழங்கும் சொற்கள்தான் எனக்கு வேண்டும். அடி பிசகினால் என்ன சொல்வீர்கள்? வேகம் கூட்டச் சொல்வது எப்படி? உங்கள் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன். அடுத்த சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.