மேய்ச்சல் தடை போட்டோம், புல் வந்தது, அப்புறம்?

பொதுநிலத்தை ஊரே சேர்ந்து பராமரிக்கும் ஒரு திட்டத்தில் மூன்று வருடம் களப்பணியாளராக இருந்தேன். மேல்மண் அரித்துப் போய்ச் சரளை தெரியும் சரிவு அது. குறுக்கே அகழி வெட்டினோம், மேய்ச்சலை நிறுத்தினோம். இரண்டாவது மழைக்கே முழங்கால் உயரப் புல். நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத பழைய வேர்க்கட்டைகள்தான் துளிர்த்து மரமாயின. (நைஜர் நாட்டு விவசாயிகள் 1980களிலிருந்து இப்படித் துளிர்ப்பவற்றைக் கவாத்து செய்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் மீட்டிருக்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் கன்று வாங்கிய பணமாவது மிஞ்சியிருக்கும்.)

பார்க்க வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் பெருமைதான். ஒரு நாள் விறகுக்கட்டோடு எதிரே வந்த அம்மா நின்று சொன்னார்: "முன்னெல்லாம் ஒரு மணி நேரத்துல திரும்பிருவேன். இப்போ அடுத்த குன்றுக்குப் போகணும், பாதி நாள் போயிருது." தடைக்கு எல்லா வீடும் ஒப்புக்கொண்டதாகப் பதிவேடு சொன்னது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து, அத்தனையும் ஆண்கள் போட்டது. அடுத்த குன்றைப் போய்ப் பார்த்தேன். எங்கள் சரிவு பழையபடி எப்படி இருந்ததோ, அது அப்படி மொட்டையாகிக்கொண்டிருந்தது. எங்கள் அறிக்கையில் அந்தக் குன்றே கிடையாது.

*

நான் இப்படியொரு தடையின் மறுபக்கத்து ஆள். எங்களுக்கு நிலமில்லை, ஆடுதான். தடை வந்த வருடம் பதினோரு ஆட்டில் ஏழு ஆட்டை விற்றோம். நிலத்தடி நீர் ஏறியது உண்மைதான், ஆனால் கிணறு வைத்திருந்தவருக்குத்தானே ஏறும்? புல் அறுக்கும் உரிமையையும் ஏலம் விட்டார்கள். மாடு வைத்திருந்த வசதியானவர் எடுத்தார்.

அரியானாவின் சுகோமாஜ்ரியில் 1970களிலேயே வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். குன்றில் மேய்ச்சலைக் கைவிட்டதற்கு ஈடாக, சிற்றணைத் தண்ணீரில் நிலமில்லாத வீட்டுக்கும் சம பங்கு. தேவைப்படாதவர் தன் பங்கை விற்றுக்கொள்ளலாம். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

*

நான் இன்னொரு ஊரின் பொதுநிலக் குழுவில் இருக்கிறேன். நாங்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பகுதிக்கு ஓய்வு, மற்ற இரண்டில் மேய்ச்சல், சுள்ளி பொறுக்கத் தடையே இல்லை. புல் மெதுவாகத்தான் வந்தது, சண்டை குறைவு. மீறினால் முதல் முறை கூட்டத்தில் பெயர் வாசிப்போம், அடுத்த முறைதான் அபராதம். எலினார் ஆஸ்ட்ரம் (2009 பொருளாதார நோபல்) நீண்ட காலம் தாக்குப்பிடித்த பொதுவளக் குழுக்களில் இதே படிப்படியான தண்டனையைக் கண்டதாகப் பிற்பாடு தெரிந்தது. நாங்கள் புத்தகம் பார்த்துச் செய்யவில்லை, முதலிலேயே அபராதம் போட்டால் யாரும் கட்டமாட்டார்கள் என்ற பயம்.

போன பருவத்தில் இரண்டாம் முறை பிடிபட்டவர் எங்கள் பொருளாளர். பணத்தைக் கட்டினார், தானே ரசீதும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு அவர் மனைவிதான் வருகிறார். கணக்கு இப்போது சரியாக இருக்கிறது.