செவிலியர் படிப்பு: அதிகச் சம்பளம் காட்டும் கல்லூரிக்காக அதிகக் கடன் வாங்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்காண்டு செவிலியர் பட்டப்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் கல்லூரியில் சேர்த்தால், புதிதாக வேலைக்குச் சேரும் செவிலியர் ஒருவரின் எட்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையைக் கடனாக வாங்க வேண்டியிருக்கும். இரண்டாவது கல்லூரி என்றால் அதுவே பதினெட்டு மாதச் சம்பளமாகிவிடுகிறது. ஆனால், தன்னிடம் படித்தவர்களின் சராசரிச் சம்பளம் மற்றவர்களைவிட 20 சதவீதம் அதிகம் என்று அந்தக் கல்லூரி தன் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. கூடுதல் சம்பளமே கூடுதல் கடனை அடைத்துவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கும். பத்தாண்டுகளில் அடைக்க வேண்டும். கடன் பத்திரத்தில் நானும் கையெழுத்திட வேண்டும். நான் ஓய்வுபெற இன்னும் ஏழு ஆண்டுகளே இருக்கின்றன. இந்தக் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (கணக்காளர்)

ஐயா, நீங்கள் சொன்ன எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். பலரும் தவறவிடும் இடம் படிப்புக் காலத்து வட்டி. தவணை தொடங்கவில்லை என்பதால் வட்டியும் தொடங்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் கால் பங்கு வீதம் கடன் வழங்கப்படுகிறது என்று கொண்டால், முதல் பங்குக்கு நாலரை ஆண்டு, அடுத்ததற்கு மூன்றரை, பிறகு இரண்டரை, கடைசிப் பங்குக்கு ஒன்றரை ஆண்டு என வட்டி ஏறுகிறது. தனி வட்டியாகவே கணக்கிட்டாலும், 100 வாங்கிய இடத்தில் முதல் தவணையன்று 130 நிற்கும். கூட்டு வட்டி என்றால் இன்னும் கூடும்.

இப்போது புதிய செவிலியரின் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் கல்லூரியின் கடன் 800, தவணை தொடங்கும்போது 1,040 ஆகியிருக்கும். மாதத் தவணை ஏறத்தாழ 13.7. இரண்டாவது கல்லூரியின் கடன் 1,800, அது 2,340 ஆகி, தவணை 30.9 வருகிறது. கையேட்டில் உள்ளபடி உண்மையிலேயே 120 சம்பளம் வந்தால், தவணை போக இரண்டாவது கல்லூரி மாணவியிடம் 89.1 மிஞ்சும், முதல் கல்லூரி மாணவியிடம் 86.3. ஆக, 20 சதவீத உயர்வில் மகள் கையில் நிற்பது மூன்றுகூட இல்லை. அதிலும் வரிப் பிடித்தத்தை நான் கழிக்கவே இல்லை. அந்த உயர்வு வராமல் இருவருக்கும் ஒரே சம்பளம் என்றாகிவிட்டால், 86.3-க்கு எதிரே 69.1 தான் நிற்கும். பதினெட்டு மாதச் சம்பளத்தைக் கடனாக வாங்கி, பத்தாண்டில் முப்பத்தேழு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டியிருப்பார்.

பத்தாண்டுகளுக்குப் பிறகு தவணை நின்றுவிடும், சம்பள உயர்வு நீடிக்கும் என்ற வாதம் சரிதான். ஆனால் அது நீடிக்கும் உயர்வா என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இந்தக் கணக்கு நிலையான தவணைக் கடனுக்கு மட்டுமே பொருந்தும். இங்கிலாந்தில் 2017 முதல் செவிலிய மாணவர்களும் உதவித்தொகைக்குப் பதிலாகக் கடன் வாங்கியே படிக்கிறார்கள். ஆனால் அங்கே குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் வரும் தொகையில் 9 சதவீதம் மட்டுமே பிடிக்கப்படுவதால், கடன் பெரிதானாலும் மாதப் பிடித்தம் மாறாது. அங்கிருப்பவர்கள் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும்.

மறுமொழி 2 (செவிலியர், பதினான்கு ஆண்டுப் பணி)

ஐயா, வணக்கம். கணக்காளர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். எங்கள் தொழிலில் சம்பளத்தைத் தீர்மானிப்பது பதிவு உரிமமும், பணிமூப்பும், எந்தப் பிரிவில் வேலை செய்கிறோம் என்பதும்தான். நான் முதலில் சேர்ந்த மருத்துவமனையில் மிகச் செலவான கல்லூரியில் படித்தவரும் நானும் ஒரே நாளில், ஒரே அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தோம். மருந்து அளவைச் சரியாகக் கணக்கிடுகிறோமா, நோயாளியின் நிலை மோசமாவதை நேரத்தோடு கண்டுபிடிக்கிறோமா என்பதைத்தான் வார்டில் பார்ப்பார்கள். எந்தக் கல்லூரி என்று முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

அப்படியானால் அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெரிய நகரங்களில் சம்பளமும் அதிகம், வாடகையும் அதிகம். அங்கே அதிகம் பேர் வேலைக்குப் போயிருந்தால் சராசரி தானாக உயரும். வெளிநாடு சென்ற பத்துப் பேரைச் சேர்த்தாலே சராசரி எங்கோ போய்விடும், அதனால் நடுமதிப்பைக் கேளுங்கள்: எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார்? இரவுப் பணிப்படியும் ஓவர்டைமும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் கேட்க வேண்டும்.

இதை என் சம்பளச் சீட்டிலிருந்தே சொல்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் மாதத்தில் பத்து இரவுகள் டியூட்டி பார்த்தேன். அந்தப் படியையும் சேர்த்துத்தான் தவணையைத் திட்டமிட்டிருந்தேன். கர்ப்பமானபோது பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். சீட்டில் இரவுப் படி இருந்த வரி காணாமல் போயிற்று, தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த எட்டு மாதமும் என் அண்ணன்தான் கைகொடுத்தார். எனவே தவணையை அடிப்படைச் சம்பளத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள். படிகளை வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து, உரிமம் கைக்கு வந்து, முதல் சம்பளம் வாங்குவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். ஆறு மாத அவகாசம் தாராளம் என்று எண்ண வேண்டாம்.

மறுமொழி 3 (செவிலியர் கல்லூரி ஆசிரியர்)

முந்தைய இரண்டு மறுமொழிகளையும் ஏற்கிறேன். இருந்தாலும், மலிவான கல்லூரி என்பதாலேயே அது பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கடனை வாங்கிவிட்டுப் பட்டம் பெறாமல் நிற்பதுதான் மிக மோசமான நிலை. அப்போது சம்பளம் செவிலியருக்கு உரியதாக இருக்காது, கடன் மட்டும் இருக்கும். முடித்தவர்களை மட்டும் எண்ணுகிற சம்பளக் கணக்கில் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். ஆகவே இரண்டு கல்லூரிகளிடமும், ஓராண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் முதல் முறையிலேயே உரிமம் பெற்றார்கள் என்று கேளுங்கள். ஓராண்டு தாமதமானால் ஓராண்டுக் கட்டணத்தோடு ஓராண்டுச் சம்பளமும் போகிறது. மருத்துவமனைப் பயிற்சி எங்கே நடக்கிறது, ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள் என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். முதல் கல்லூரி இதில் சறுக்கினால் அதன் குறைந்த கட்டணத்துக்கு அர்த்தமில்லை.

பட்டத்துக்கு மதிப்பில்லை என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஈராண்டு இணைப் பட்டம் பெற்றவரும் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவரும் எழுதுவது என்கிளெக்ஸ்-ஆர்என் என்ற ஒரே உரிமத் தேர்வைத்தான். ஆயினும் நியூயார்க் மாநிலம் 2017-இல் இயற்றிய சட்டத்தின்படி, அங்கே புதிதாகப் பதிவு பெறும் செவிலியர்கள் பத்தாண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற்றாக வேண்டும். மேற்படிப்புக்கும் ஆசிரியப் பணிக்கும் நிர்வாகப் பொறுப்புக்கும் பட்டம் வேண்டும். வேண்டியது பட்டம், எந்தக் கல்லூரியின் பட்டம் என்பது இரண்டாவது கேள்வி, உங்கள் இரண்டு கல்லூரிகளும் தருவது ஒரே பட்டத்தைத்தான்.

அதே நாட்டில் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசுத் தளம், கல்லூரிவாரியாகவும் பாடவாரியாகவும் சம்பளத்தின் நடுமதிப்பையும் கடனின் நடுமதிப்பையும் அருகருகே வெளியிடுகிறது. அதிலும் அரசு நிதியுதவி பெற்ற மாணவர்கள் மட்டுமே சம்பளக் கணக்கில் வருகிறார்கள். அரசே தரும் எண்ணுக்கு இந்த வரம்பு உண்டென்றால், கல்லூரி தானாக அச்சிடும் எண்ணை எவ்வளவு நம்புவது?

மருத்துவமனை கட்டணத்தை ஏற்று, படித்தபின் சில ஆண்டு அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் கேட்கும் வழியும் உண்டு. இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற வரியைப் படிக்காமல் அதில் கையெழுத்திடாதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டாவது கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்தச் சராசரி, தாங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் எழுதிய பழைய மாணவர்களின் சம்பளம் மட்டுமே என்றார்கள்; எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்ற கேள்விக்கு விடை வரவில்லை. முதல் கல்லூரி, கடந்த ஐந்து ஆண்டுகளில் சேர்ந்தவர், முடித்தவர், உரிமம் பெற்றவர் எண்ணிக்கையை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தது. நாளை மறுநாள் மகளோடு போய் அவர்களுடைய பயிற்சி வார்டைப் பார்க்கப் போகிறோம். படிக்கும் காலத்திலேயே மாத வட்டியை நான் கட்டிவந்தால் கடன் 800-லேயே நிற்குமா?

மறுமொழி 1 (கணக்காளர்)

நிற்கும் ஐயா. அப்போது தவணை 10.6 ஆகக் குறையும். நீங்கள் செலுத்துவது வட்டிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறதா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை வாங்கிச் சரிபாருங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.