கூடுதல் பேட்டரி பொருத்தியபின் பிளக்-இன் ஹைப்ரிட் வண்டி கிளம்பவில்லை: அவசர உதவி தேவை

செந்தூல்வாசி (சனி, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பிளக்-இன் ஹைப்ரிட் (சுவரில் செருகி மின்னூட்டலாம், பெட்ரோலிலும் ஓடும்) மகிழுந்தின் பூட்டில், அதாவது பின்புறச் சாமான் பெட்டியில், இன்று மாலை கூடுதல் பேட்டரி ஒன்றைப் பொருத்தினோம். வேலை முடிந்து பொத்தானை அழுத்தினால் திரையில் மஞ்சள் எச்சரிக்கை தோன்றுகிறது. வண்டி கிளம்ப மறுக்கிறது. புதிய பேட்டரியின் விசையை அணைத்துவிட்டு முயன்றும் பயனில்லை. வண்டி அடுக்குமாடியின் அடித்தள நிறுத்துமிடத்தில் நிற்கிறது. திங்கட்கிழமை காலை எட்டரைக்குள் நான் வேலைக்காகக் கோலாலம்பூருக்குத் தெற்கிலுள்ள சைபர்ஜெயாவில் இருந்தாக வேண்டும். இதே வேலையைச் செய்தவர்கள் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று உடனே தெரிவிக்கவும்.

பிறைக்காரன் (இரவு 9.52)

எந்த வண்டி, எந்த ஆண்டு? திரையில் வந்த வாசகம் என்ன? பெட்ரோல் எஞ்சினாவது இயங்குகிறதா? புதிய பேட்டரியை எந்த இடத்தில் இணைத்தீர்கள்? நேரடியாகவா, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் விசை) வழியாகவா, இடையில் மின்னழுத்த மாற்றி ஏதேனும் உண்டா? இவற்றில் ஒன்றையும் சொல்லாமல் அமைப்பை மாற்றச் சொன்னால், வீட்டு வானொலியின் அமைப்பைத்தான் மாற்ற முடியும்.

மின்வித்தகர் (இரவு 10.05)

தம்பி, இப்படிப்பட்ட கேள்வி இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருக்கிறது. 300 வோல்ட் மின்னழுத்தம் உள்ள அமைப்பில் கைவைக்கும் முன்னர் வந்து கேட்டிருந்தால் பதில் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். பொருத்தியபின் வந்திருக்கிறீர்கள், ஆகவே பொறுமையாகப் பிறைக்காரன் கேட்டவற்றுக்கு முதலில் விடை கொடுங்கள்.

கிள்ளான்காரன் (இரவு 10.11)

பெரிய பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் சிறிய 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். மாலை முழுவதும் கதவுகளையும் பூட்டையும் திறந்து வைத்து வேலை செய்திருப்பீர்கள். உள்விளக்குகளும் கணினிகளும் விழித்தே இருந்திருக்கும். உயர் மின்னழுத்தப் பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை இயக்குவதே அந்த 12 வோல்ட் மின்சாரம்தான். அது சோர்ந்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. என் அனுபவத்தில் இவ்வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்குதான் முடிகின்றன.

செந்தூல்வாசி (இரவு 10.34)

வண்டியின் பெயரைப் பொதுவில் சொல்ல விரும்பவில்லை, மன்னிக்கவும். 2017ஆம் ஆண்டு ஜெர்மானியச் செடான். மூல பேட்டரி 7.6 கிலோவாட் மணி. எஞ்சினும் இயங்கவில்லை. திரையில் இயக்க அமைப்பில் கோளாறு என்று மட்டும் வருகிறது. 12 வோல்ட் பேட்டரியை அளந்தேன், 12.4 காட்டுகிறது. புதியது 90 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள், ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் மணி, செல்களைக் கண்காணிக்கும் தனி மேலாண்மைப் பலகையுடன். இணையத்தில் விற்ற ஒருவரே வந்து பொருத்திக் கொடுத்தார். இப்போது அழைத்தால் எடுப்பதில்லை.

பிறைக்காரன் (இரவு 10.50)

பெயரை மறைத்தாலும் 7.6 என்ற எண் காட்டிக் கொடுத்துவிடுகிறது, போகட்டும். அந்த மேலாண்மைப் பலகைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பழைய பிரியஸ் (இரவு 10.58)

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இம்முயற்சியைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டிலேயே கால்கார்ஸ் என்னும் குழுவினர் சாதாரண டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட் ஒன்றில் ஈய அமில பேட்டரிகளை ஏற்றிச் சுவரில் செருகும் வண்டியாக மாற்றிக் காட்டினர். பிறகு அவ்வகை மாற்றம் 5 கிலோவாட் மணி லித்தியத் தொகுதியாகக் கடைக்கே வந்தது. அதன் சூட்சுமம் பேட்டரியில் மட்டும் இல்லை. மூல பேட்டரி எப்போதும் நிறைந்திருக்கிறது என்று வண்டியின் கணினியை நம்பவைக்கும் செய்திகளில்தான் பெரும்பகுதி இருந்தது. நிசான் லீஃப் மின்வண்டிகளுக்கு நெதர்லாந்தில் பூட்டில் கூடுதல் பேட்டரி வைத்துத் தந்தவர்களும், கான் தடத்தின் (வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கம்பித் தடம்) நடுவே ஒரு பாலத்தை வைத்துத்தான் செய்திகளைத் திருத்தினார்கள்.

மின்வித்தகர் (இரவு 11.07)

அதே அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு, அவ்வாறு மாற்றப்பட்ட ஒரு பிரியஸ் தென் கரோலினாவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? விசாரணையில் கண்டது வேதியியல் அதிசயம் எதுவுமில்லை. திருகி இறுக்க வேண்டிய மின் இணைப்பைச் சரியாகப் பூட்டாததால் சூடேறியது, அவ்வளவே.

செந்தூல்வாசி (இரவு 11.15)

பலகைக்கு வண்டியின் 12 வோல்ட் மின்சாரம்தான். சிவப்பை உருகியின் வழியாக எடுத்தார். கறுப்பை எல்லா வண்டிகளிலும் செய்வதுபோல் பூட்டின் உலோக உடலில் திருகி இணைத்தார். இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பிறைக்காரன் (இரவு 11.21)

இந்த நொடியிலிருந்து அந்தப் பூட்டைத் தொடாதீர்கள். நான் சொல்வதை முழுவதும் படியுங்கள்.

சாதாரண 12 வோல்ட் அமைப்பில் எதிர்முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். உயர் மின்னழுத்த அமைப்பில் நேர்முனை, எதிர்முனை இரண்டுமே உடலிலிருந்து முற்றிலும் விலகி மிதக்க வேண்டும். விலை குறைந்த மேலாண்மைப் பலகைகள் பலவற்றில் பலகையின் எதிர்முனையும் பேட்டரித் தொகுதியின் எதிர்முனையும் ஒன்றே. எனவே அந்தக் கறுப்புக் கம்பியின் வழியாக உங்கள் பேட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலாகவே மாறியிருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் ஒரு கை பூட்டின் விளிம்பிலும் மறு கை நேர்முனையிலும் பட்டால், ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்சாரம் உங்கள் நெஞ்சின் குறுக்கே பாயும்.

வண்டியில் காப்புத்தடை கண்காணிப்பு என்று ஒன்று உண்டு. ஐக்கிய நாடுகளின் 100ஆம் விதிமுறைப்படி நேர்மின் அமைப்பில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைந்தது 100 ஓம் தடை, உயர் மின்னழுத்தத்திற்கும் உடலுக்கும் இடையே இருக்க வேண்டும். 330 வோல்ட் என்றால் 33 கிலோ ஓம். உங்கள் கறுப்புக் கம்பி அதைப் பூஜ்யத்திற்கு அருகில் இறக்கிவிட்டது. வண்டி ரிலேக்கள் வழியே பேட்டரியை இணைக்க மறுப்பது கோளாறன்று. தன் கடமையைச் செய்கிறது. விசையை அணைத்தபின்னும் எச்சரிக்கை நீடிப்பதற்குக் காரணம், விசை நேர்முனையை மட்டும் துண்டிப்பதாகவோ, கோளாறுக் குறியீடு நினைவில் பதிந்திருப்பதாகவோ இருக்கலாம். குறியீட்டை அழிக்கக் கருவி வேண்டும்.

சார்ஜர் செருகியிருந்தால், அதன் சுவர் விசையை அணைத்துப் பிடுங்கிவிடுங்கள். சாவியை வண்டியிலிருந்து தொலைவில் வையுங்கள். 1000 வோல்ட் தரக் கையுறையும் பயிற்சியும் உள்ள ஒருவரை அழையுங்கள்.

கிள்ளான்காரன் (இரவு 11.30)

12.4 என்பது ஓய்வில் அளந்த எண். சுமையில் அளந்தால் எவ்வளவு இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

மின்வித்தகர் (இரவு 11.33)

கிள்ளான்காரரே, வீடு எரியும்போது குழாயில் சொட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பழைய பிரியஸ் (ஞாயிறு, காலை 7.15)

பிறைக்காரன் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எல்எஃப்பி தேர்வை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வெயிலில், மூடிய பூட்டுக்குள், மற்ற லித்திய வகைகளைவிட அது சாது. கறுப்புக் கம்பியைத் திருத்திவிட்டால் இணைப்பு வேலை செய்யும் என்றே நினைக்கிறேன்.

மின்வித்தகர் (காலை 8.02)

வேலை செய்யாது. மூல பேட்டரியில் 80 செல்கள், நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகை. நிறைந்த நிலையில் செல்லுக்கு 4.1 வோல்ட் என்று வைத்தால் 328 வோல்ட். உங்கள் சாதுவான 90 செல்கள் பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் செல்லுக்கு 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், 297 வோல்ட். இரண்டையும் நேரடியாக இணைத்தால் வேறுபாடு 31 வோல்ட். பாதையின் மொத்தத் தடை 0.2 ஓம் என்றால், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே 155 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். 20 ஆம்பியர் மணி செல்லுக்கு அது ஏழு மடங்குக்கும் மேல். இதற்கிடையில் வண்டியின் மின்னோட்ட அளவி தன் பேட்டரியைக் கடப்பதை மட்டுமே எண்ணுவதால், புதிய பேட்டரி கொடுப்பதும் வாங்குவதும் அதன் கணக்கில் சேராது. சாது என்பது செல்லுக்குப் பொருந்தும், இணைப்புக்குப் பொருந்தாது.

பழைய பிரியஸ் (காலை 8.20)

நேரடியாக இணையுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? நடுவில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் மாற்றி வைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பிறர் சொல்லாததை மறுப்பதில் நீங்கள் வல்லவர்.

மின்வித்தகர் (காலை 8.26)

"கறுப்புக் கம்பியைத் திருத்திவிட்டால் வேலை செய்யும்" என்பது உங்கள் சொற்கள்தான். மேலே இன்னும் இருக்கின்றன. அந்த மாற்றியின் விலையையும் எழுதிவிடுங்கள், பையன் தெரிந்துகொள்ளட்டும்.

கணக்குப்பிள்ளை (காலை 9.10)

இருவரும் வோல்ட்டில் சண்டையிடுவதற்குள் நான் வெள்ளியில் (ரிங்கிட்டில்) ஒன்று கேட்கிறேன். செந்தூல்வாசி அவர்களே, இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எதற்காகப் பொருத்தினீர்கள், எங்கே மின்னூட்டுகிறீர்கள்?

செந்தூல்வாசி (காலை 9.48)

மொத்தம் 14,000 வெள்ளி. முன்பணமாக 6,000 கொடுத்துவிட்டேன். 2021இல் வண்டியைப் பழையதாக வாங்கியபோது மின்சாரத்தில் மட்டும் 28 கிலோமீட்டர் ஓடும். இப்போது 14தான். வேலைக்கு ஒருவழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இரவில் வீட்டுக் கணக்கில் மின்னூட்டுகிறேன். பெட்ரோல் செலவு குறையும் என்றுதான் செய்தேன்.

கணக்குப்பிள்ளை (காலை 10.30)

புதிய பேட்டரி 5.76 கிலோவாட் மணி. அதில் 5 பயன்படும் என்று தாராளமாக வைப்போம். கிலோமீட்டருக்கு 0.2 கிலோவாட் மணி என்றால் நாளுக்கு 25 கிலோமீட்டர் கூடுதல். அதே தூரத்தை 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் வீதம் பெட்ரோலில் ஓட்டினால் 1.63 லிட்டர், மானிய ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 வெள்ளி என்பதால் 3.23 வெள்ளி. மின்னூட்ட இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து 5.7 கிலோவாட் மணி எடுக்க வேண்டும். கட்டணத் தள்ளுபடிகளை ஒதுக்கிவிட்டு கிலோவாட் மணிக்கு 44 சென் என்று கணக்கிட்டால் 2.50 வெள்ளி. நாளுக்கு மிச்சம் 73 சென். மாதம் 22 வேலை நாள் என்றால் 16 வெள்ளி. 14,000 வெள்ளி திரும்பி வர ஏறத்தாழ 73 ஆண்டுகள் ஆகும்.

அலுவலகத்தில் இலவசமாக மின்னூட்டினாலும் 16 ஆண்டுகளுக்கு மேல்.

மேக்ஸ் சாலை அக்கா (காலை 11.05)

தம்பி, நானும் சைபர்ஜெயா பக்கம் போகும் மேக்ஸ் நெடுஞ்சாலையில்தான் நாள்தோறும் போகிறேன், அதே வகை வண்டியில். மணிக்கு 110 கிலோமீட்டரில் பறக்கும்போது மின்சாரம் வேகமாகக் கரையும். நெடுஞ்சாலையில் பேட்டரியைச் சேமிக்கும் நிலையில் வைத்துவிட்டு, துன் ரசாக் சாலை நெரிசலிலும் செந்தூலுக்குள்ளும் மட்டும் மின்சாரத்தைச் செலவழியுங்கள். காலையில் கிளம்பும் முன், சார்ஜர் செருகியிருக்கும்போதே குளிரூட்டியை ஓடவிட்டு வண்டியைக் குளிர்வித்துவிடுங்கள். உங்கள் 14 கிலோமீட்டர் அதற்கே போதும்.

காப்புறுதி நிறுவனத்திடம் இந்த மாற்றத்தைத் தெரிவித்தீர்களா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மலேசியாவின் 1959ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு விதிகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி இல்லாமல் பூட்டில் அறுபது கிலோ பேட்டரியை வைத்துக்கொண்டு பின்னால் ஒருவர் மோதினால், இழப்பீடு கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?

கிள்ளான்காரன் (காலை 11.20)

நெடுஞ்சாலையில் சேமிக்கும் நிலையில் ஓடினால் எஞ்சின்தான் பெட்ரோல் குடிக்கும். அது எப்படிச் சேமிப்பாகும்?

மேக்ஸ் சாலை அக்கா (காலை 11.31)

எஞ்சின் சீரான வேகத்தில் சிக்கனமாக ஓடும், நெரிசலில் வீணடிக்கும். அதனால்தான், ஐயா.

பிறைக்காரன் (பிற்பகல் 12.15)

28லிருந்து 14 என்பது பாதி. பழைய பேட்டரி முழுவதும் சீராகத் தேய்ந்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் 80 செல்களும் தொடராக இருப்பதால், ஒன்று மட்டும் முதலில் காலியானாலும் கணினி மொத்தத்தையும் நிறுத்திவிடும். மின்சாரம் தீரும் தறுவாயில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தொகுதி மட்டும் தாழ்ந்திருந்தால், அதை மாற்றும் செலவு 14,000க்கு அருகில்கூட வராது. கூடுதல் பேட்டரியைப் பற்றி நினைப்பதற்கு முன் எடுத்திருக்க வேண்டிய அளவு இது.

இன்னொன்று: சமதள இழுவை லாரி பெரும்பாலான அடித்தளங்களுக்குள் நுழையாது. அங்கேயே வந்து கழற்றித் தரும் ஆளைத் தேடுங்கள்.

செந்தூல்வாசி (புதன், இரவு 8.05)

மன்னிக்கவும், பணியில் சிக்கிக்கொண்டேன். திங்களன்று இரயிலில் போனேன். செவ்வாயன்று பூச்சோங்கிலிருந்து உரிய பயிற்சி பெற்ற ஒருவர் அடித்தளத்திற்கே வந்து பேட்டரியைக் கழற்றினார். கறுப்புக் கம்பிதான் காரணம், அளந்து காட்டினார். குறியீட்டை அழித்ததும் வண்டி கிளம்பியது. செல் சோதனை வரும் சனிக்கிழமை. அனைவருக்கும் நன்றி.

மின்வித்தகர் (இரவு 8.19)

முன்பணம் திரும்பக் கிடைத்ததா? அந்த 90 செல்கள் இப்போது எங்கே இருக்கின்றன? வரவேற்பறையில் என்று சொல்லிவிடாதீர்கள்.

பிறைக்காரன் (அடுத்த திங்கள், இரவு 9.30)

சனிக்கிழமைச் சோதனையில் என்ன தெரிந்தது? மிகத் தாழ்ந்த செல்லின் எண்ணை மட்டுமாவது எழுதுங்கள்.

கிள்ளான்காரன் (இரவு 9.44)

12 வோல்ட் பேட்டரியையும் சுமையில் அளந்தார்களா?