காலியாகும் ஆய்வகத்தை மாணவர்களுக்கான இடமாக மாற்ற என்ன செய்யலாம்?

செம்பருத்தி:
எங்களுடையது அரசு உதவிபெறும் கலைக் கல்லூரி. பிள்ளைகளில் பாதிக்கு மேல் பஸ்ஸில் வந்து போகிறவர்கள், நிறையப் பேர் வீட்டில் முதல் பட்டதாரி. பழைய ஆய்வகம் ஒன்று காலியாகிறது, முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் பணமும் தருகிறார்கள். சுவர் ஓவியம், பீன் பேக் என்றெல்லாம் யோசனை வருகிறது, எனக்கு அதில் நாட்டமில்லை. இந்த வருடம் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவரும் பார்வையற்ற மாணவர் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். முதலில் எதில் கை வைப்பது?

சிமென்ட்மூட்டை:
சாய்தளத்தில் வையுங்கள் மேடம். ஏதோ ஒரு சரிவு போட்டால் போதாது, 1:12 கணக்கு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. படி மூன்று இருந்தாலே 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் பின்னால் இரண்டு பேர் நின்று தள்ளணும், அதற்குக் கட்டாமலே இருக்கலாம். இரண்டு பக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை. மழையில் வழுக்கும் கிரானைட் வேண்டவே வேண்டாம். கழிப்பறைக் கதவு 90 செ.மீ. அகலம், வெளிப்பக்கம் திறக்கணும், உள்ளே நாற்காலி திரும்ப 1.5 மீட்டர். அப்புறம் சாய்தளத்துக்குக் குறுக்கே பைக் நிற்காமல் பார்த்துக்கொள்வது, கட்டுவதைவிடப் பெரிய வேலை.

கடைசிபஸ்:
நான் படித்த கல்லூரியில் மதியம் ஒன்றரைக்கு வகுப்பு முடியும், எங்கள் ஊர் பஸ் நாலு மணிக்குத்தான். பையன்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள், வகுப்பறையைப் பூட்டிவிடுவதால் நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம், ஏறி இறங்குகிறவர்களுக்கெல்லாம் காலை மடக்கி மடக்கி வழிவிட்டுக்கொண்டே. ஃபேன், பிளக் பாயின்ட், குடிதண்ணீர், கைகழுவக் குழாய், பக்கத்துக் கழிப்பறையில் நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, இவ்வளவு இருந்தால் ஓவியம் இல்லாமலே பிள்ளைகள் வருவார்கள். சாவி மட்டும் துறைத்தலைவர் மேஜைக்குள் போகக் கூடாது.

விரல்நுனி:
எனக்கும் பார்வை இல்லை. அந்த அறையில் இரண்டு கணினி போட்டு என்விடிஏ ஏற்றிவிடுங்கள், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள், தமிழும் வாசிக்கும். நோட்ஸை போட்டோ பிடித்து வாட்ஸப்பில் போட்டால் அது எங்களுக்கு வெறும் படம், டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். நிர்வாகம் முனகினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்து வையுங்கள். உதவிபெறும் கல்லூரிகளுக்கும் 5% இடஒதுக்கீடு உண்டு, சேர்த்துக்கொண்டால் வசதியும் செய்துதரத்தான் வேண்டும். ஆமாம், அந்த ஆய்வகம் எந்தத் தளத்தில்?

செம்பருத்தி:
முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோர் ரூம் கீழே இருக்கிறது, அதை மாடிக்கு மாற்றச் சொல்லித் திங்கட்கிழமை முதல்வரிடம் கேட்கிறேன்.