லினக்ஸில் இருந்தபடி விண்டோஸுக்கு லைப்ரரி கட்டுவது: எங்கெங்கே மாட்டுகிறது?

#1

திரியைத் தொடங்கி வைக்கிறேன். டெபியன் அல்லது உபுண்டுவில் உட்கார்ந்துகொண்டு, விண்டோஸில் ஓடும் டிஎல்எல்லும் (நிரல் ஓடும்போது சேரும் லைப்ரரி) ஸ்டாட்டிக் லைப்ரரியும் (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடுவது) கட்டுவதைப் பற்றி மட்டும் இங்கே. இப்படி ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கட்டுவதுதான் கிராஸ் கம்பைல். கருவி மிங்டபிள்யூ-டபிள்யூ64, விண்டோஸுக்கான ஜிசிசி கம்பைலர் தொகுப்பு. என்ன எரர், ஏன் வந்தது, எதை மாற்றினால் போனது, இந்த மூன்றையும் எழுதுங்கள். "எனக்கு ஓடியது" என்று மட்டும் போட்டால் அடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை.

முதலில் பெயர்க் குழப்பம். கம்பைலரின் பெயர் எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32-ஜிசிசி. கடைசியில் 32 இருப்பதைப் பார்த்து இது 32 பிட் என்று ஒதுக்கிவிட்டு, இல்லாத "மிங்டபிள்யூ64"ஐத் தேடுபவர்கள் உண்டு. அந்த 32 பழைய பெயரின் எச்சம், அவ்வளவுதான். நடுவில் உள்ள டபிள்யூ64 திட்டத்தின் பெயர். 32 பிட் கம்பைலரிலும் அது இருக்கும். பிட் கணக்கு முதல் துண்டில்தான்: எக்ஸ்86_64 என்றால் 64, ஐ686 என்றால் 32.

அடுத்தது பில்ட், ஹோஸ்ட், டார்கெட். ஆட்டோகான்ஃப் (கான்ஃபிகர் என்ற சோதனை நிரலை உருவாக்கும் கருவி) பேச்சில் ஹோஸ்ட் என்பது நாம் உட்கார்ந்திருக்கும் கணினி அல்ல. கட்டி முடித்த பொருள் ஓடப்போகும் இடம். நாம் உட்கார்ந்திருப்பது பில்ட். டார்கெட் கம்பைலரையே கட்டுகிறவர்களுக்கு மட்டும். லைப்ரரி கட்டும்போது தொடவே வேண்டாம்.

கான்ஃபிகரில் --ஹோஸ்ட் மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் கணினியில் ஒயின் (லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டுவது) நிறுவி, விண்டோஸ் இஎக்ஸ்இ கோப்புகளை கெர்னலே நேராக ஓட்டும்படி பின்எஃப்எம்டி பதிவும் இருந்தால் கதை மாறுகிறது. --பில்ட் கொடுக்காதபோது கான்ஃபிகர் ஒரு சின்ன நிரலைக் கட்டி ஓட்டிப் பார்க்கும். ஒயின் தயவில் அது ஓடிவிடும். உடனே "இது கிராஸ் கம்பைலே இல்லை" என்று முடிவு கட்டிவிடும். --பில்ட்=எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-க்னூ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

#2

எல்லாரும் ஸெட்லிப் என்ற கம்ப்ரெஷன் லைப்ரரியில்தான் தொடங்குவார்கள், அங்கேயே முதல் அடியும் விழும். அதன் கான்ஃபிகர் ஆட்டோகான்ஃப் உருவாக்கியது அல்ல, கையால் எழுதியது. --ஹோஸ்ட் கொடுத்தால் தெரியாத ஆப்ஷன் என்று சொல்லி நின்றுவிடும். அதை விட்டுவிட்டு வின்32 அடைவில் இருக்கும் மேக்ஃபைல்.ஜிசிசி கோப்பை மேக் -எஃப் போட்டு ஓட்டுங்கள். பெரிய எழுத்து ப்ரிஃபிக்ஸ் மாறியில் எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32- என்று கொடுக்க வேண்டும், கடைசி இணைப்புக்குறியோடு. அந்தக் கோடு விட்டுப்போனால் "மிங்டபிள்யூ32ஜிசிசி" என்று ஒட்டிப்போன பெயரில் கம்பைலரைத் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரிக்கும்.

இன்னொன்று: இங்கே ப்ரிஃபிக்ஸ் என்றால் கம்பைலரின் முன்னொட்டு, நிறுவும் இடம் இல்லை. நிறுவும்போது பைனரி_பாத், இன்க்ளூட்_பாத், லைப்ரரி_பாத் மூன்றையும் தனித்தனியாகத் தர வேண்டும். டிஎல்எல்லும் வேண்டுமென்றால் ஷேர்ட்_மோட்=1. வெளியே வருவது ஸெட்லிப்1.டிஎல்எல், அதோடு லிங்க் செய்ய உதவும் இம்போர்ட் லைப்ரரி லிப்ஸெட்.டிஎல்எல்.ஏ.

ஸெட்லிப் முடிந்து லிப்பிஎன்ஜி, லிப்எக்ஸ்எம்எல்2 என்று மேலே போகும்போதுதான் உண்மையான தொல்லை. கம்பைலர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. லினக்ஸின் சொந்தக் கோப்புகள் சத்தமில்லாமல் உள்ளே கசிந்துவிடுகின்றன. பெரிய ஓட்டை பிகேஜி-கான்ஃபிக், .பிசி கோப்புகளைப் படித்து லைப்ரரி எங்கே என்று சொல்லும் கருவி. பலர் பிகேஜி_கான்ஃபிக்_பாத் மாறியில் விண்டோஸ் அடைவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது இருக்கிற பட்டியலோடு ஓர் இடத்தைக் கூட்டுமே தவிர பழையதை நீக்காது. உங்கள் அடைவில் கிடைக்காத .பிசி கோப்பை லினக்ஸின் அடைவிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் கொடுத்தால் இயல்பான பட்டியல் முழுக்கவே மாறிவிடும். அதுதான் வேண்டும்.

கசிவு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? லிங்க் செய்யும்போது "ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்" என்று ஒரு வரி வந்து, பக்கத்தில் யுஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ என்ற பாதை தெரிந்தால் அதேதான். கம்பைல் கட்டத்திலேயே பிட்ஸ் என்று தொடங்கும் ஹெடர் இல்லை என்று வந்தாலும் அதே நோய்: லினக்ஸின் சி லைப்ரரியான க்ளிப்சியின் ஹெடரை விண்டோஸ் கம்பைலர் படித்துக்கொண்டிருக்கிறது. யாரோ கையால் யுஎஸ்ஆர்/இன்க்ளூட் பாதையைச் சேர்த்திருப்பார்கள்.

#3

மேலே சொன்னதெல்லாம் சரி. என் பங்குக்கு ஆட்டோகான்ஃபின் இரண்டு வழக்கமான எரர்கள்.

ஒன்று, "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஆர்பிஎல்_மேலாக்". அப்படி ஒரு ஃபங்ஷனை லைப்ரரியில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மேலாக்(0) கேட்டால் நல் அல்லாத பாயிண்டர் வருகிறதா என்று கான்ஃபிகர் ஒரு நிரலை ஓட்டிப் பார்க்க விரும்புகிறது. கிராஸ் கம்பைலில் ஓட்ட முடியாது. அதனால் மோசமானதை ஊகித்துக்கொண்டு, மேலாக் என்ற சொல்லையே ஆர்பிஎல்_மேலாக் என்று மாற்றி வரையறுத்துவிடுகிறது. அந்த மாற்று ஃபங்ஷனை லைப்ரரிக்காரர் தரவில்லை என்றால் லிங்க் விழுந்துவிடும். விடையை நாமே சொல்லிவிட வேண்டும்: கான்ஃபிகருக்கு முன் ஏசி_சிவி_ஃபங்க்_மேலாக்_0_நான்நல்=எஸ். ரீஅலாக்குக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு.

கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பார்த்தால், எந்தெந்த சோதனைக்கு என்ன விடை எடுத்துக்கொண்டது என்பது தெரியும். எரர் வந்தபின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பதில் பெரும்பாலும் அந்தக் கோப்பில்தான் கிடக்கும்.

இரண்டு, எரரே வராமல் டிஎல்எல் மட்டும் வராமல் போவது. லைப்ரரி கட்ட உதவும் லிப்டூல் நடுவில் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கும்: இந்த இயங்குதளத்தில் ஷேர்ட் லைப்ரரிக்குள் தீராத சிம்பல்கள் (எங்கே இருக்கிறது என்று தெரியாத ஃபங்ஷன், மாறிப் பெயர்கள்) கூடாது, ஸ்டாட்டிக் மட்டும் கட்டுகிறேன் என்று. ஆயிரம் வரிகளுக்கு நடுவே ஒரே வரி, கண்ணில் படாது. விண்டோஸ் டிஎல்எல்லில் எல்லா சிம்பலும் லிங்க் நேரத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்துவிடும் என்று லிப்டூலுக்கு உறுதி தருவது -நோ-அன்டிஃபைன்ட். இதை எல்டிஃப்ளாக்ஸில் சேர்த்துக் கான்ஃபிகருக்கே கொடுத்துவிடாதீர்கள். அங்கே ஜிசிசி நேரடியாக அதைப் பார்த்து, தெரியாத ஆப்ஷன் என்று "கம்பைலர் வேலை செய்யவில்லை" கட்டத்திலேயே நின்றுவிடும். கான்ஃபிகர் முடிந்தபின், மேக் ஓட்டும்போது கொடுங்கள்.

#4

ஆட்டோகான்ஃபுக்குப் பதிலாக சிமேக் பயன்படுத்துபவர்களுக்குச் சுருக்கமாக.

எந்தக் கம்பைலர், எந்த இயங்குதளம் என்று சொல்லும் டூல்செயின் கோப்பில் சிமேக்_சிஸ்டம்_நேம் விண்டோஸ் என்று கட்டாயம் இருக்க வேண்டும். கம்பைலரை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் லினக்ஸுக்குத்தான் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்ளும். விளைவு வேடிக்கையானது: கோப்பின் பெயர் லிப்ஏதோ.எஸ்ஓ, ஃபைல் கட்டளையால் பார்த்தால் உள்ளே பிஇ32+, அதாவது விண்டோஸ் டிஎல்எல். பலகையில் ஒரு பெயர், கடைக்குள் வேறு சரக்கு.

ஃபைண்ட்_ரூட்_பாத் கொடுத்து, அதன் மோட்களில் ப்ரோக்ராமுக்கு நெவர், லைப்ரரி, இன்க்ளூட், பேக்கேஜ் மூன்றுக்கும் ஒன்லி. ஆர்சி (விண்டோஸ் ரிசோர்ஸ்) கம்பைலராக விண்ட்ரெஸ்ஸின் முழுப் பெயரையும் கொடுங்கள். டூல்செயின் கோப்பைத் திருத்தினால் பில்ட் அடைவை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பழைய கேச்சில் கம்பைலர் உறைந்து போயிருக்கும். இதில்தான் பாதிப் பேரின் அரைநாள் போகிறது.

#5

ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) பற்றி யாரும் எழுதவில்லையே. அதற்கு --ஹோஸ்ட் கிடையாது. பெரிய சி போட்ட கான்ஃபிகர் என்ற பெர்ல் நிரலுக்கு டார்கெட்டாக (#1இல் சொன்ன டார்கெட் அல்ல, ஓடப்போகும் இடம்) மிங்டபிள்யூ64, கூடவே --கிராஸ்-கம்பைல்-ப்ரிஃபிக்ஸ் (இங்கேயும் கடைசி இணைப்புக்குறி மறக்க வேண்டாம்). 3ஆம் பதிப்பில் லைப்ரரிகள் லிப்64 அடைவுக்குப் போய் உட்காரும். அடுத்து வரும் லைப்ரரி, லிப் அடைவில் தேடிவிட்டு ஓப்பன்எஸ்எஸ்எல்லே இல்லை என்று சொல்லும். --லிப்டிர்=லிப் சேர்த்தால் தீர்ந்தது.

கர்ல் (இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் லைப்ரரி) மட்டும்தான் தேவை என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல்லையே தவிர்க்கலாம். --வித்-எஸ்சேனல் கொடுத்தால் விண்டோஸின் சொந்த டிஎல்எஸ்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். சான்றிதழ்க் கட்டு ஒன்றைக் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பது கூடுதல் லாபம்.

ஸ்டாட்டிக் கர்லை வைத்து நிரல் கட்டும்போது "__இம்ப்_கர்ல்_ஈஸி_இனிட்" கிடைக்கவில்லை என்று வந்தால் லைப்ரரியில் கோளாறு இல்லை. __இம்ப்_ என்ற முன்னொட்டைக் கண்டாலே புரிந்துகொள்ளுங்கள்: ஹெடர் இதை டிஎல்எல் என்று நினைத்து டிஎல்எல்இம்போர்ட் போட்டிருக்கிறது. நிரலைக் கம்பைல் செய்யும்போது கர்ல்_ஸ்டாட்டிக்லிப் என்ற மேக்ரோவைக் கொடுங்கள். பல லைப்ரரிகளுக்கு இப்படி ஒரு மேக்ரோ உண்டு, அதன் முக்கிய ஹெடரின் மேல்பகுதியில் தேடினால் கிடைக்கும்.

அதன்பிறகு டபிள்யூஎஸ்2_32, கிரிப்ட்32, பிகிரிப்ட் என்று விண்டோஸ் லைப்ரரிகளைக் கேட்கும். வரிசை முக்கியம்: கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். விண்டோஸ் லைப்ரரிகள் எப்போதும் வரியின் கடைசியில்.

#6

விண்டோஸிலேயே எழுதிய கோடை லினக்ஸில் கம்பைல் செய்தால் வரும் சின்னச் சின்னத் தொல்லைகள்: பெரிய டபிள்யூ போட்ட விண்டோஸ்.ஹெச் கிடைக்காது, மிங்டபிள்யூவின் ஹெடர் எல்லாம் சிறிய எழுத்து. லிங்க் வரியில் பெரிய டபிள்யூ போட்ட டபிள்யூஎஸ்2_32ம் அப்படியே. கோடில் திருத்தினால் விண்டோஸிலும் பாதிப்பில்லை, அங்கே எழுத்தின் அளவு கணக்கில் வராது.

சின்னதாகத் தெரியாதது ஒன்று: லாங். 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட்தான். பாயிண்டரை லாங்கில் போட்டு வைக்கும் பழைய கோடு லினக்ஸில் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கும். இங்கே மேல்பாதி வெட்டுப்படும். சி++ கம்பைலர் எரராகவே நிறுத்திவிடுகிறது. சியில் அளவு வேறுபடுகிறது என்ற எச்சரிக்கையோடு விட்டுவிடும், பிறகு ஓடும்போது விழும். இன்ட்பிடிஆர்_டி போடுங்கள். எஃப்டெல்லும் லாங்தான் தருகிறது, 2 ஜிபியைத் தாண்டிய கோப்பில் குழப்பும்.

#7

கட்டி முடித்தபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கோப்பின் உள்விவரத்தைக் காட்டும் கிராஸ் ஆப்ஜ்டம்பை -பி போட்டு ஓட்டி "டிஎல்எல் நேம்" வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். கெர்னல்32, எம்எஸ்விசிஆர்டி போன்றவை விண்டோஸில் இருப்பவை. அவற்றைத் தவிர லிப்ஜிசிசி_எஸ்_செஹ்-1, லிப்எஸ்டிடிசி++-6, லிப்வின்பித்ரெட்-1 மூன்றும் எட்டிப் பார்க்கும். இவை இல்லாமல் கொடுத்துவிட்டால் எதிர்முனையில் 0xசி0000135 என்று நிரல் திறக்காமலே போகும். அதுவே 0xசி000007பி என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்திருக்கிறது.

அந்தக் கோப்புகள் லினக்ஸில் எங்கே கிடக்கின்றன என்று அலைய வேண்டாம். கிராஸ் ஜிசிசியிடம் -ப்ரின்ட்-ஃபைல்-நேம்= போட்டு டிஎல்எல் பெயரைக் கொடுத்தால் முழுப் பாதையும் சொல்லும்.

சேர்த்தே கட்டிவிட -ஸ்டாட்டிக்-லிப்ஜிசிசி, -ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++ இரண்டும் உண்டு. வின்பித்ரெட் இவற்றுக்குள் அடங்காது. இஎக்ஸ்இ என்றால் முழு -ஸ்டாட்டிக் எளிது. ஆனால் ஒரு டிஎல்எல்லில் எறியும் சி++ எக்ஸெப்ஷனை இன்னொன்றில் பிடிக்க வேண்டியிருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி ரன்டைம் இருந்தால் ஒருவர் எறிந்ததை மற்றவரால் பிடிக்க முடியாமல் போகும். அங்கே டிஎல்எல்களைக் கூடவே அனுப்புவதுதான் சரி.

இதோடு தொடர்புடையது: டெபியனில் கம்பைலர் இரண்டு வகை, பாசிக்ஸ், வின்32 என்று பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும். எஸ்டிடி::த்ரெட் இல்லை, மியூடெக்ஸ் இல்லை என்று எரர் வந்தால் வின்32 வகை தேர்வாகியிருக்கிறது. அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் போட்டு ஜிசிசி, ஜி++ இரண்டையும் பாசிக்ஸுக்கு மாற்றுங்கள். ஜிசிசி 13இலிருந்து வின்32 வகையிலும் இவை வந்துவிட்டன.

#8

#7 நண்பருக்கு ஒரு சேர்க்கை. பழைய லிப்டூல் -ஸ்டாட்டிக்-லிப்ஜிசிசியை லிங்க் செய்யும்போது விழுங்கிவிடும். ஆப்ஜ்டம்பில் அந்த டிஎல்எல் பிடிவாதமாக நிற்கிறது என்றால், சிசி மாறியிலேயே கம்பைலர் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.

ஐசியு (யூனிகோட் லைப்ரரி) கட்டுபவர்களுக்கு: அது தன் தரவுக் கோப்புகளை உருவாக்கத் தன் கருவிகளையே ஓட்டும். விண்டோஸுக்குக் கட்டிய கருவி லினக்ஸில் ஓடாது. முதலில் அதே பதிப்பை லினக்ஸுக்கே ஓர் அடைவில் கட்டி முடித்து, இரண்டாவது சுற்றில் --வித்-கிராஸ்-பில்ட் கொடுத்து அந்த அடைவைக் காட்ட வேண்டும். முழுப் பாதையாக இருக்கட்டும், இரண்டு புள்ளி போட்ட பாதையை ஏற்காது.

#9

இதையெல்லாம் கையால் செய்யத்தான் வேண்டுமா? பத்துப் பன்னிரண்டு லைப்ரரிக்கு மேல் போனால் எம்எக்ஸ்இ (லைப்ரரிகளைத் தானே கட்டித் தரும் தொகுப்பு) போதும் என்பது என் கருத்து. மேக் ஓட்டும்போது எம்எக்ஸ்இ_டார்கெட்ஸ் மாறியில் எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32.ஸ்டாட்டிக் என்று கொடுத்துவிட்டு லைப்ரரியின் பெயரைச் சொன்னால், அதற்கு வேண்டியதையும் வரிசையாகக் கட்டும். கம்பைலரையே அது கட்டிக்கொள்வதால் முதல் ஓட்டத்துக்கு நேரம் பிடிக்கும். அதன் யுஎஸ்ஆர்/பின் அடைவைப் பாத்தில் முன்னால் வையுங்கள், டெபியனின் மிங்டபிள்யூவைக் கூடவே கலக்காதீர்கள்.

#10

கட்டிய டிஎல்எல்லை விஷுவல் ஸ்டுடியோவில் பயன்படுத்தலாமா?

#11

சி இன்டர்ஃபேஸ் மட்டும் என்றால் தாராளமாக. சி++ கிளாஸ்களை வெளியே விட்டிருந்தால் முடியாது, பெயர் உருமாற்றமே இரண்டு கம்பைலருக்கும் வேறு. சியிலும் ஒரு கட்டுப்பாடு: டிஎல்எல் மேலாக் செய்ததை வெளியே இருந்து ஃப்ரீ செய்யாதீர்கள், ஃபைல் பாயிண்டரைக் கடத்தாதீர்கள். அந்தப் பக்கம் யுசிஆர்டி, இந்தப் பக்கம் எம்எஸ்விசிஆர்டி என்று சி ரன்டைம் வேறானால் ஹீப்பும் வேறு வேறு. லைப்ரரி தரும் ஃப்ரீ ஃபங்ஷன் எதுவோ அதையே கூப்பிடுங்கள்.

விஷுவல் ஸ்டுடியோ லிங்க் செய்யக் கேட்கும் .லிப் கோப்புக்கு, டிஎல்எல்லை ஜென்டெஃப் கருவியிடம் கொடுத்து .டெஃப் எடுங்கள். பிறகு விஷுவல் ஸ்டுடியோவின் லிப் கட்டளையில் /டெஃப், கூடவே /மெஷின்:எக்ஸ்64. மெஷினை விட்டுவிட்டால் 32 பிட்டுக்கு .லிப் செய்து கொடுத்து, லிங்க் நேரத்தில் ஒரு சிம்பலும் கிடைக்கவில்லை என்று நிற்கும்.