அம்மாவின் விடியற்காலை மூன்றரை மணி எந்தக் கணக்கில் வரும்?

மதுரைக் கதிர்:
எந்தப் போன் எந்த நேரத்தில் எந்த டவரின் பக்கம் இருந்தது என்ற செல்பேசிப் பதிவுகளை, அதிலிருந்து ஒழுங்கைக் கண்டு கணிக்கும் கணினி மாடலில் போட்டால் மக்களின் அன்றாடம் தெரிந்துவிடும், அதை வைத்தே பஸ் விடலாம் என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். 2010-இல் சயின்ஸ் இதழில் பாராபாசி என்ற விஞ்ஞானியின் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுகிறீர்கள். மனித நடமாட்டத்தில் 93 சதவீதத்தைக் கணிக்க முடியும் என்கிறது அது.

என் அம்மா பூ விற்கிறார். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போவார். திரும்பி வந்து மதியம் வரை கட்டுவார், சாயங்காலம் கோயில் பக்கம் உட்காருவார். தனியாகப் போன் கிடையாது, தம்பியுடைய போனில்தான் பேசுவார். அந்தப் போன் காலேஜுக்குப் போய்விடும். மாடலின் கண்ணில் அம்மா என்று ஒருவரே இல்லை.

தரவுச்செல்வி:
கதிர், போக்குவரத்துத் திட்டமிடலில் மாடல் செய்வதுதான் என் வேலை. மாடல் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? அதிகாரியின் அனுபவம், கவுன்சிலரின் சிபாரிசு, பழைய கால அட்டவணை. இவற்றில் மட்டும் அம்மா இருக்கிறாரா?

போன் இல்லாதவருக்கு வேறு தரவு உண்டு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பது அதில் பதிவாகிறது.

மதுரைக் கதிர்:
மூன்றரைக்கு எங்கள் பக்கம் பஸ்ஸே கிடையாது. நாலு பேர் சேர்ந்து ஆட்டோவில் போகிறார்கள். ஓடாத பஸ்ஸில் டிக்கெட் எப்படிப் பதிவாகும்? இருக்கிற பஸ்ஸில் ஏறியவர்களை எண்ணி, தேவை இவ்வளவுதான் என்று முடிவு கட்டினால் அந்த நேரத்துக்கு என்றைக்குமே பஸ் வராது.

இன்னொன்று. அந்த 93 சதவீத ஆய்வை முழுதாகப் படித்தேன். சுமார் ஒரு கோடிப் பேரின் பதிவுகளிலிருந்து 50,000 பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போனைப் பயன்படுத்தியவர்கள் மட்டும். குறைவாகப் பேசுகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அப்புறம் அந்த 93 என்பது எந்த மாடலும் எட்டிய மதிப்பெண் இல்லை, அதிகபட்சம் அவ்வளவு முடியும் என்ற எல்லைக்கணக்கு. இடம் என்று சொல்வதும் ஒரு டவரின் சுற்றுவட்டாரத்தைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் வீட்டில் இருப்பார் என்று சொல்ல மாடல் எதற்கு?

தரவுச்செல்வி:
எல்லைக்கணக்கு என்பது சரி, அதைச் சாதனை மாதிரி பரப்புவது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரியை வைத்து ஒதுக்க வேண்டாம். அந்தந்த மணி நேரத்தில் வழக்கமாக இருக்கும் இடத்திலேயே மக்கள் சராசரியாக 70 சதவீதம் இருந்தார்கள் என்றும் அதே ஆய்வு காட்டியது. பகலும் சேர்ந்த கணக்கு அது. ஊர் முழுக்க மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக நகர்கிறார்கள் என்பதை வீடு வீடாகக் கேட்டு யாரும் அறிந்திருக்க முடியாது.

வெள்ளவத்தை ரகு:
கொழும்பில் லிர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அழைப்புப் பதிவுகளை வைத்து, பகலில் நகரத்துக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சுற்றுப்புறங்களில் இருந்து வருகிறவர்கள் என்று காட்டினார்கள். பெயர், இலக்கம் எல்லாம் நீக்கிய பதிவுகள். கதிர் கேட்பது நியாயம்தான். ஆனால் பெரிய ஓட்டத்தை இவ்வளவு மலிவாகப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீக்கிய பதிவு என்றாலும் எனக்குப் பயம் உண்டு. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் 15 மாதப் பதிவுகளைப் பார்த்தார்கள். எந்த நேரத்தில் எங்கே என்று நாலே நாலு புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம். இதற்கு முதலில் சட்டக் காவல் வேண்டும்.

கள ஆய்வாளர் மீனா:
போன் சொல்வது இடத்தை. நாள் எப்படிப் போனது என்பது வேறு. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவள். ஓர் அக்கா, "நேத்து சும்மாதான் இருந்தேன்" என்றார். அரை மணி அரை மணியாகக் கேட்கக் கேட்க, தண்ணீர் பிடித்தது, மாமியாருக்கு மருந்து, ரேஷன் வரிசை, பிள்ளைக்குப் பாடம் என்று பக்கம் நிறைந்தது. அவர் அன்றைக்குத் தெருவைத் தாண்டவே இல்லை. மாடலில் அது ஒரே இடத்தில் நிற்கும் ஒரு புள்ளி.

2019-இல் மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இப்படித்தான் நடந்தது. முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து 24 மணி நேரம், அரை மணிப் பிரிவுகள். வீட்டுக்கான சம்பளமில்லாத வேலையில் ஈடுபட்ட பெண்கள் அன்றைய கணக்குப்படி அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள், ஆண்கள் 97. இந்த எண்ணை எந்த டவரும் கொடுத்திருக்காது.

தரவுச்செல்வி:
மீனாக்கா, அதே கணக்கெடுப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு நாள்தான் கேட்டார்கள். அடுத்த நாள், அடுத்த மாதம் எப்படி என்பது அதில் இல்லை. உங்கள் அரை மணித் தாளையும் எங்கள் பல மாதப் பதிவையும் ஒன்றாக வைக்க வேண்டும் என்றுதான் நான் சொல்கிறேன்.

மதுரைக் கதிர்:
வைத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாடல்கள் வாரத்தை வைத்து யோசிக்கின்றன, திங்கள் முதல் ஞாயிறு வரை. அம்மாவின் வேலை பஞ்சாங்கத்தை வைத்து ஓடுகிறது. முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் பூ போகும். மார்கழி இன்னொரு மாதிரி. உங்கள் படத்தில் இதெல்லாம் ஒழுங்கில்லாத நடமாட்டமாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த ஆறு மாதத்துக்கு எந்த நாள் எப்படி இருக்கும் என்று அம்மா காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தரவுச்செல்வி:
இது எனக்குத் தோன்றவே இல்லை. முகூர்த்த நாட்களை உள்ளீடாகச் சேர்க்க முடியும், கடினமே இல்லை. யாரும் கேட்காததால் சேர்க்கவில்லை. முகூர்த்த நாளில் அம்மா மார்க்கெட்டிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புவார்?

மதுரைக் கதிர்:
இன்று ராத்திரி அவரிடமே கேட்டு எழுதுகிறேன். கூட ஆட்டோவில் போகும் மூன்று பேருக்கும் சேர்த்து.